கன்னிமூலைத் தொட்டி

எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தின் ஆண்டு மலருக்கு இந்த வருஷம் ஆளுக்கொரு ஊர்க்காரரைப் பற்றி எழுதித் தரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பெரிய மனிதர் யாரும் வேண்டாம், தெருவில் தினம் பார்க்கிற ஆளாக இருக்கட்டும் என்று நிபந்தனை. நான் சூசைராஜ் பெயரைச் சொன்னேன். வட்டத்தின் செயலாளர் செம்மல் நிமிர்ந்து பார்த்து, "அவரப் பத்தி நீங்களா சார்?" என்று கேட்டார். கேட்ட பிறகு, கேட்டிருக்க வேண்டாமே என்று முகம் மாறிவிட்டது அவருக்கு. கேட்டதில் தப்பே இல்லை. ஊரில் யாராக இருந்தாலும் அதைத்தான் கேட்பார்கள்.

என் பெயர் ரெங்கராஜ். முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவன். உலக உருண்டையைச் சுற்றிச் சுற்றியே என் விரல் நுனி தேய்ந்துவிட்டது என்று வீட்டில் கேலி செய்வார்கள். இந்த விவரம் பின்னால் என் மானத்தை வாங்கப் போகிறது என்பதால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

சூசைராஜ் மீமிசல் பக்கத்துக்காரர். அப்பா கடலுக்குப் போனவர், அண்ணன்மார் இரண்டு பேரும் கடலுக்குப் போகிறவர்கள். இவருக்கு மட்டும் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. படகு கரையை விட்டு நகர்ந்தாலே குடலைப் பிரட்டிக்கொண்டு வந்துவிடுமாம். வலைக்காரர் வீட்டில் பிறந்து கடலைப் பார்த்து வாந்தி எடுத்தவன் என்று அங்கே இருந்த சிரிப்புக்கு அளவே இல்லை என்பார். பதினாறு வயதில் புதுக்கோட்டைக்கு வந்து ஐ.டி.ஐ. படித்தார். மோட்டார் காயில் கட்டக் கற்றுக்கொண்டு, எங்கள் கீரமங்கலம் பூ மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் எட்டடிக்கு எட்டடியில் ஒரு கடை போட்டார். மனைவி ஞானமணியோடு எங்கள் ஊரிலேயே வீடு பார்த்துக்கொண்டு தங்கிவிட்டார். வந்து இருபது வருஷம் ஆகியும் ஊருக்கு அவர் 'மீமிசல்காரர்'தான்.

மனிதர் குட்டை. சட்டைப் பையில் எப்போதும் டெஸ்டர் இருக்கும். பேசும்போது எதிராளியின் முகத்தைப் பார்க்காமல், அவர் வீட்டு ஒயரைப் பார்த்துக்கொண்டு பேசுவார். வேலை முடிந்த பிறகு சுவரில் தன் கைத்தடம் பட்டிருக்கிறதா என்று பார்த்து ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போகிற எலக்ட்ரீஷியனை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

கஜா புயல் அடித்தபோது எங்கள் ஊருக்குக் கரண்ட் வர முப்பத்தெட்டு நாள் ஆயிற்று. தென்னையெல்லாம் வேரோடு சாய்ந்து கிடந்தது. பெரிய துக்கத்தில் சின்னத் துக்கமாக, போனில் சார்ஜ் இல்லை. சென்னையில் இருந்த என் மகன் வெற்றிசெல்வனுக்கு நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்று சொல்லக்கூட வழியில்லை. நாலாம் நாள் சூசைராஜ் ஒரு மூன்று சக்கர சைக்கிளில் பழைய சோலார் பேனல் ஒன்றையும் லாரி பேட்டரி ஒன்றையும் கட்டிக்கொண்டு தெருவுக்குள் வந்தார். வானம் அப்போதும் சாம்பல் பூசினாற்போல் மூடித்தான் இருந்தது.

"இந்த மூட்டத்துல என்னங்க கரண்டு வரும்?" என்று நான் கேட்டேன்.

"கொப்பரை காயாது சார். துணி காயும்ல? அந்தக் கணக்குதான்" என்றார். "மேகத்துக்குப் பின்னாலயும் வெளிச்சம் இருக்கத்தானே செய்யுது. கம்மியா வரும். வராமப் போகாது."

கம்மியாகத்தான் வந்தது. ஆனால் வந்தது. அரைமணி நேரம் காத்திருந்து, அவர் சைக்கிளில் சொருகியிருந்த என் போனை எடுத்து மகனிடம் பேசினேன். என் மனைவி புவனேஸ்வரி பக்கத்தில் நின்று அழுதாள். மூடிய வானத்தின் கீழ் சோலார் வேலை செய்யுமா என்பதற்கு என் கையிலேயே சாட்சி இருந்தது. அதையும் பிறகு நான் மறந்தேன். மறந்தேன் என்பதுகூடப் பொய். சௌகரியமாக ஒதுக்கி வைத்தேன்.

அந்தப் புயலுக்குப் பிறகு சூசைராஜுக்கு சோலார் மேல் ஒரு பிடிப்பு வந்துவிட்டது. கடை மாடியில் ஒரு பேனலை வைத்து, எந்த நாளில் எவ்வளவு யூனிட் வருகிறது என்று மாதக் காலண்டரின் கட்டங்களில் தினமும் எழுதி வந்தார். மூன்று வருஷக் காலண்டர்கள் ஆணியில் தொங்கின. யார் வந்து கேட்டாலும் அதைத்தான் எடுத்துக் காட்டுவார். "ஐப்பசி, கார்த்திகையில பாதிக்கும் கீழ போயிரும், இப்பவே சொல்லிப்புடுறேன். மூணு கிலோவாட்டு போட்டாலும் அடமழை நாளுன்னா ரெண்டு யூனிட்டு வந்தா பெருசு. ஆனா மாசியில இருந்து புரட்டாசி வரைக்கும் நம்ம ஊர் வெயிலு சும்மாவா காயுது? வருஷத்துக்குக் கூட்டிப் பாருங்க, தேறிடும்" என்பார். பொருளின் குறையை முதலில் சொல்லிவிட்டு அப்புறம் நிறையைச் சொல்கிற வியாபாரி எப்படிப் பிழைப்பான் என்று நாங்கள் டீக்கடையில் பேசிச் சிரித்திருக்கிறோம்.

அரசு மானியத்தோடு மாடிக்கு மாடி சோலார் வரத் தொடங்கிய வருஷம், எங்கள் தெருவில் முதல் ஆளாக நான் போட்டேன். மூன்று கிலோவாட், ஆறு பேனல். பங்குனி மாதம். இரண்டு நாள் மாடியிலேயே கிடந்து சூசைராஜ் வேலையை முடித்தார். கடைசியில் ஒரு டப்பா சிவப்பு பெயிண்ட் எடுத்து, பேனல்களுக்குத் தெற்கே தரையில் சுவருக்குச் சுவர் ஒரு கோடு இழுத்தார்.

"சார், இந்தக் கோட்டுக்கு அங்கிட்டு மட்டும் எதையும் ஒசரமா வச்சுறாதீங்க. இப்ப வெயிலு உச்சிக்கு நேரா இருக்கு. ஐப்பசியில இருந்து தை, மாசி வரைக்கும் தெக்க சாஞ்சு வரும். நெழலு நேரா பேனல் மேல விழுந்துரும். ஒரு பேனல்ல விழுந்தாலும் வரிசையே மந்தமாயிரும்."

எனக்கு வந்ததே கோபம். "சூரியன் எந்த மாசம் எங்க இருக்கும்னு எனக்கே பாடம் எடுக்கிறீங்களா சூசை?" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவரும் சிரித்தார். "ஐயோ, ஒங்களுக்குத் தெரியாதா சார்" என்று பிரஷ்ஷைக் கழுவப் போய்விட்டார்.

சித்திரையிலும் வைகாசியிலும் தினம் பதிமூன்று யூனிட், பதினாலு யூனிட். போனைத் திறந்து திறந்து பார்ப்பதே எனக்கு வேலையாகிவிட்டது. டீக்கடையில் பக்கத்தில் இருப்பவர் கேட்காமலேயே காட்டுவேன். சூரியனை நானே பெற்று வளர்த்தவன்போல் இருந்தது என் நடப்பு.

ஆடியில் ஒரு வாஸ்துக்காரர் வந்தார். வெற்றிசெல்வனுக்கு முப்பத்தொன்று முடிந்தும் பெண் அமையவில்லை. புவனேஸ்வரி பார்க்காத ஜோசியர் இல்லை. வந்தவர் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தென்மேற்கு மூலை, அதாவது கன்னிமூலை, தாழ்ந்து கிடக்கிறது என்றார். அங்கே உயரமாக மேடை கட்டித் தண்ணீர்த் தொட்டியை ஏற்றினால் ஆறே மாதத்தில் மேளச்சத்தம் கேட்கும் என்றார். நான் சிரித்திருக்க வேண்டும். வகுப்பில் எத்தனையோ மூடநம்பிக்கையைக் கிழித்துத் தொங்கவிட்டவன் நான். ஆனால் மகன் கல்யாணம் என்று வரும்போது எல்லாப் பூகோளமும் எங்கோ போய் ஒளிந்துகொள்கிறது. கொத்தனாரைக் கூப்பிட்டேன். நாலடி உயரத்துக்குச் செங்கல் மேடை, அதன் மேல் ஆயிரம் லிட்டர் கறுப்புத் தொட்டி. கொத்தனார் கோட்டைக் காட்டி, "இது என்ன சார் செவப்புக் கோடு?" என்றார். "பழைய கோடு. நீங்க கட்டுங்க" என்றேன். மேடை அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்தது.

கட்டி முடித்ததும் நிழலைப் பார்த்தேன், பார்க்காமல் இல்லை. ஆடி மாத உச்சி வெயிலில் எங்கள் ஊரில் நிழல் தெற்குப் பக்கம் விழும். தொட்டியின் நிழல் பேனலுக்கு எதிர்த்திசையில் தெருவைப் பார்த்து விழுந்திருந்தது. 'இதுக்குத்தான் அவ்வளவு மிரட்டினாரா' என்று மனதுக்குள் சூசைராஜைப் பழித்துவிட்டுக் கீழே இறங்கினேன். மகர ரேகை, கடக ரேகை என்று எத்தனை பிள்ளைகளை பெஞ்சின் மேல் ஏற்றியிருப்பேன்! என் சொந்த மாடியில் அந்தப் பாடம் எனக்கு ஞாபகம் வரவில்லை.

ஐப்பசி பிறந்தது. மழை பிடித்தது. யூனிட் ஏழாகி, ஐந்தாகி, மூன்றாயிற்று. மழை மாதத்தில் குறையும் என்று சூசைராஜ் சொல்லியிருந்தார்தான். ஆனால் இப்படியா? வெயில் எட்டிப் பார்க்கிற நாளிலும் மூன்றரையைத் தாண்டவில்லை. டீக்கடையில் போனை வெளியே எடுப்பதை நிறுத்தினேன். "என்ன சார், பதினாலு வருதா?" என்று, சூசைராஜிடம் சோலார் போட நினைத்திருந்த குழந்தைசாமி ஒருநாள் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. அந்தச் சுருக்கெல்லாம் சேர்ந்து சூசைராஜ் மேல் திரும்பியது.

கார்த்திகை முதல் வாரம், சமுதாயக்கூடத்தில் ஒரு கூட்டம். மாடி சோலாருக்கான கடன், மானியம் பற்றிச் சொல்ல வங்கியிலிருந்து வந்திருந்தார்கள். ஊரில் பத்து வீட்டுக்காரர்கள் சூசைராஜிடமே போடுவது என்று பெயர் கொடுத்திருந்தார்கள். அந்தப் பத்து வீடும் முடிந்தால் காயில் கட்டும் கடையை சோலார் கடையாக மாற்றிவிடலாம் என்று அவர் பெயர்ப்பலகைகூட எழுதக் கொடுத்துவிட்டார். தெருவில் முதலில் போட்டவர் என்பதால் என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். சூசைராஜ்தான் சொல்லச் சொன்னாராம். சாரே நல்லதாக நாலு வார்த்தை சொல்லுவார் என்று நம்பிக்கை.

நான் மைக்கைப் பிடித்தேன். போனைத் தூக்கிக் காட்டினேன். "நேத்து மொத்தம் மூணு யூனிட்டு. மூணு கிலோவாட்டுக்கு மூணு யூனிட்டு. இது ராஜஸ்தானுக்குச் சரி. மேகம் கட்டுற நம்ம ஊருக்கு இது ஒத்துவராதுங்க" என்றேன். கூட்டம் அசைந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் அது அறியாமை. நான் நிறுத்தவில்லை. முன் வரிசையில் இருந்த சூசைராஜைப் பார்த்துச் சொன்னேன்: "இவரு கடல்ல தொழில் ஓடலன்னு கரைக்கு வந்தவரு. இப்பக் கரையிலயும் வலை வீசுறாரு. பாத்து மாட்டுங்க."

சிரிப்பு கூடத்தை நிறைத்தது. இதை எழுதுகிற இந்த நிமிஷம் எனக்குக் காது மடல் சுடுகிறது. கைதட்டலுக்கு ஆசைப்பட்டு ஒருவனின் பிறப்பை எடுத்து வீசினேன்.

சூசைராஜ் எழுந்து நின்றார். முகம் கறுத்திருந்தது. "சார், நான் ஒரு தடவ ஒங்க மாடிக்கு வந்து பாத்துக்கிறேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

"வந்து? மேகத்தத் தொடச்சு விட்டுட்டுப் போவியா?" என்றேன். நான் அவரை ஒருமையில் கூப்பிட்டது அன்றுதான் முதல்முறை. மறுபடி சிரிப்பு. அவர் உட்கார்ந்துவிட்டார்.

பத்து வீட்டில் எட்டு வீடு பின்வாங்கியது. தை பிறப்பதற்குள் அவர் கடையைக் காலி செய்தார். எழுதக் கொடுத்த பெயர்ப்பலகை என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் தைரியம் இல்லை. கீரனூரில் ஒரு கான்ட்ராக்டரிடம் கூலிக்குச் சேர்ந்து, திங்கள் விடியலில் பஸ் ஏறினால் சனி ராத்திரிதான் திரும்புவார். சொந்தக் கடை வைத்திருந்த ஆள், நாற்பத்தேழு வயதில் இன்னொருவனுக்கு ஏணி பிடிக்கப் போனார்.

பொங்கலன்று வானம் கழுவி விட்டாற்போல் இருந்தது. ஒரு வாரமாகவே மேகம் இல்லை. சாப்பிட்டுவிட்டு யோசனையின்றி போனைத் திறந்தேன். முந்தின நாள் முழுக்க வெயில், ஆனாலும் ஐந்து யூனிட். மாடிக்கு ஏறினேன். மணி இரண்டு இருக்கும். தொட்டியின் நிழல் பேனல்களின் மேல் அகலமாக, கறுப்பாக, அசையாமல் படுத்திருந்தது. இரண்டு பேனலை முழுசாக விழுங்கியிருந்தது. மழை மாதத்தில் மேகம் விட்டுவைத்த கொஞ்ச வெயிலையும் இதுதான் தின்றிருக்கிறது. சூரியனுக்குப் பொங்கல் வைத்த கையோடு, அந்தச் சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பூகோள வாத்தியாரான நான் அண்ணாந்து பார்த்து நின்றேன். அது தெற்கே, இத்தனை வருஷமாக நான் கரும்பலகையில் எழுதிப்போட்ட அதே இடத்தில் இருந்தது.

அன்றே இறங்கி சூசைராஜ் வீட்டுக்கு ஓடியிருக்க வேண்டும். பண்டிகை நாள், அவரும் ஊரில்தான் இருந்தார். நான் ஓடவில்லை. தொட்டியை இடிப்போமா என்று புவனேஸ்வரியிடம் மெல்லக் கேட்டேன். அந்த வாரம்தான் ஆலங்குடியில் பெண் அமைந்திருந்தது. "வச்ச ஆறாம் மாசம் பொண்ணு அமைஞ்சிருக்கு. அதுல கை வச்சீங்கன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்றாள். எனக்கு அது நல்ல சாக்காகப் போயிற்று. இடித்தால் ஊர் பார்க்கும், ஏன் என்று கேட்கும். இடிக்காவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். பங்குனியில் சூரியன் மேலே வந்ததும் யூனிட் தானாக ஏறியது. "பாத்தீங்களா, மேகம் போனதும் ஏறுது" என்று டீக்கடையில் சொன்னேன். தெரிந்தே சொன்ன பொய் அது. "சாரு அன்னைக்கே கரெக்டா சொன்னாரு" என்று குழந்தைசாமி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அதையும் குடித்தேன்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. சூசைராஜுக்குப் பத்திரிகை கொடுக்க நான் போகவில்லை. மனைவி கொடுத்துவிட்டு வந்தாள். அவர் வரவில்லை, ஞானமணி மட்டும் வந்து மொய் எழுதிவிட்டுச் சாப்பிடாமல் போனதாகப் பின்னால் தெரிந்தது.

இந்த வருஷம் ஐப்பசி பிறந்து பத்து நாள் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை, வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. சூசைராஜ் இறங்கினார். "வருஷத்துக்கு ஒரு தடவ, ஐப்பசியில செக்கிங் வாரேன்னு சொல்லியிருந்தேன்ல சார். போன வருஷம் வர முடியல" என்றார். போன வருஷம் வரவிடாமல் செய்தது யார் என்று அவர் சொல்லவில்லை. ஆட்டோவில் இரும்புச் சட்டங்கள் இருந்தன. அளவெடுத்து வெட்டி, துளைபோட்டு, பெயிண்டும் அடித்த புதுச் சட்டங்கள்.

தொட்டி கட்டியபிறகு என் மாடிக்கு ஏறாத மனிதர் இதை எந்த அளவுக்கு வெட்டிக்கொண்டு வந்தார்?

"இது எதுக்கு சூசை?" என்றேன்.

"ரெண்டு பேனல மட்டும் வடக்க தள்ளி வச்சுருவோம் சார். தொட்டி பாட்டுக்கு இருக்கட்டும்."

"ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

அவர் சட்டங்களை இறக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார். "போன வருஷம் ஐப்பசியிலயே சார். ஆலங்குடி பஸ்ஸுல வரயில சன்னலு வழியாப் பாத்தேன். கன்னிமூலையில தொட்டி. நெழலு எங்க விழும்னு மனசுல போட்டுப் பாத்துக்கிட்டேன். சாரோட மகனுக்குப் பாக்குறாங்கன்னு தெரியும், அதுக்காக வச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"அப்பன்னா கூட்டத்துல..." என்று இழுத்தேன். "அன்னைக்கே எந்திரிச்சு, தொட்டி நெழலுதான் காரணம்னு சொல்லியிருக்கலாம்ல? கடை போயிருக்காதே!"

"அத்தன பேரு முன்னால எப்படி சார் சொல்றது?" என்றார். "நீங்க பூகோளம் சொல்லிக்குடுத்த ஆளு. அங்க ஒக்காந்திருந்ததுல பாதிப் பேரு ஒங்ககிட்டப் படிச்சவங்க. அதான் மாடிக்கு வாரேன்னு மட்டும் கேட்டேன். தனியா வந்து சொல்லலாம்னு."

மாடிக்கு ஏறினோம். பேனலின் ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை நான் பிடித்தேன். ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன். "பாத்து, சாயாம புடிங்க சார்" என்று இரண்டு தடவை சொன்னார். தொட்டி மேடைக்கு அடியிலிருந்து சிவப்புக் கோடு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைத் தாண்டித் தாண்டி நடந்தார், ஒருமுறைகூடக் குனிந்து பார்க்கவில்லை. வேலை முடிந்ததும் வழக்கம்போல் சுவரில் பட்ட தடத்தைத் துடைத்தார். போகும்போது, "ஊருல யாராச்சும் ஏன் மாத்துனீங்கன்னு கேட்டா, மேகத்துக்காகத்தான்னு சொல்லிக்கங்க சார்" என்றார்.

அடி வாங்கியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் எனக்காக ஒரு பொய்யையும் தயார் செய்து கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் வானம் நன்றாக மூடியிருந்தது. ஆறரை யூனிட் வந்தது. அதற்கு மறுநாள் தூறல், நாலு யூனிட். கடைக் காலண்டரில் அவர் காட்டிய ஒரு பேனல் கணக்கை ஆறால் பெருக்கினால் வருகிற அதே அளவுகள். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை, அவர் முதல் நாளே சொன்னதுதான்.

அந்த வாரம் நான் பின்வாங்கிய எட்டு வீட்டுக்கும் நடந்தேன். தொட்டியைக் கட்டியது, கோட்டை மறைத்தது, பொங்கலன்றே தெரிந்தும் வாயை மூடிக்கொண்டது, எல்லாவற்றையும் வாசலில் நின்று சொன்னேன். உள்ளே உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. மூன்று வீட்டில் வெளியூர்க் கம்பெனிக்காரன் வந்து ஏற்கெனவே போட்டுவிட்டுப் போயிருந்தான். குழந்தைசாமி வீட்டில் அவர், "விடுங்க சார், போன வருஷக் கதைய இப்ப எதுக்குக் கிண்டிக்கிட்டு" என்று சிரித்தார். எல்லோரும் என்னை மன்னிப்பதற்கு ரொம்ப அவசரப்பட்டார்கள். மன்னிக்க வேண்டியவர் அவர்களில் யாரும் இல்லையே.

கடைசி வீடு மருதாயி வீடு. பூ விவசாயம் செய்கிற அம்மாள், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். முல்லை விலை போகாத நாளில் வாடாமல் வைக்க ஒரு பெரிய பிரிட்ஜ் போட வேண்டும் என்றுதான் சோலாருக்குப் பெயர் கொடுத்திருந்தார். பறித்த பூவைப் பிரித்துக்கொண்டே நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். கடைசியில் தலையைத் தூக்கினார்.

"நெழலு கதைய எங்ககிட்டச் சொல்லிப்புட்டீங்க, சரி. அன்னைக்குக் கரையிலயும் வலை வீசுறாருன்னு சொன்னீங்களே வாத்தியாரே, அதை அந்த ஆளுகிட்ட என்னன்னு சொன்னீங்க?"

ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க அவரோடு மாடியில் இருந்திருக்கிறேன். பேனலை ஆளுக்கொரு முனையாகத் தூக்கியிருக்கிறேன். அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றி ஒரு வார்த்தை நான் எடுக்கவில்லை. தொட்டி தப்பு, சூரியன் பற்றிய தப்பு, அதெல்லாம் புத்தகத் தப்பு. சொல்லிவிடலாம். இதைச் சொல்ல என் நாக்கு எழாததால்தான் எட்டு வீடு ஏறி இறங்கியிருக்கிறேன் என்பது அங்கே நிற்கும்போது தெரிந்தது.

"நானும் அன்னைக்குச் சிரிச்சேன்" என்றார் மருதாயி. "எனக்கும்தான் வெக்கமா இருக்கு. நீங்க போங்க."

அங்கிருந்து நேராக சூசைராஜ் வீட்டுக்குப் போனேன். வியாழக்கிழமை, அவர் இருக்க மாட்டார் என்று தெரியும். தெரிந்துதான் போனேனோ என்னவோ, அதையும் எழுதிவிடுகிறேன். ஞானமணி தையல் மிஷினிலிருந்து எழுந்து வாசலுக்கு வந்தார்.

"வாங்க சார். என்ன, மறுபடி யூனிட்டு கொறையுதா?"

"இல்லம்மா. அதெல்லாம் நல்லா வருது."

"பின்ன என்ன சார்? அவரு ஞாயித்துக்கெழமதான் இருப்பாரு. வந்தா ஒங்க வீட்டுக்கு அனுப்பி வைக்கவா?"

"வேணாம்மா" என்றேன். "அவரு வந்ததெல்லாம் போதும். ஞாயித்துக்கெழம நான் வாரேன்."